புகாரம்மா வீட்டு ஆள்காட்டி விரல்

“நான் சொல்றதைக் கொஞ்சம் முழுசா—”

“முழுசா கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்து நிக்குது. அன்னைக்கே சொன்னேன், அந்த மதருங்க ஸ்கூல் வேண்டாம்னு—”

“ஒரு தடவை முட்டி போட்டா முட்டி தேஞ்சா போயிடும்? மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை. அந்த பிஷப்பும் மனுஷன்தானே—”

“மனுஷன்னா மனுஷன் மாதிரி பேசணும். அந்தாளு பேசினது காதுல விழலைன்னு ஊர்ல ஒருத்தராவது அழுதாங்களா?”

“டி.சி. கொடுத்துடுவாங்க. பரீட்சை இதோ வருது—”

“கொடுக்கட்டும். நாளையிலேர்ந்து பட்டறைக்கு—”

“பட்டறையில என்ன, வாளி அடிக்கவா—”

இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டு அவர்கள் சண்டை போட்டது தகரப் பட்டறைக்குப் பின்னால் இருந்த சமையலறையில். கணவர் தகரக்காரர். வாளி, புனல், டிரங்குப் பெட்டி, கூரை நீர் வழிகிற குழாய் எல்லாம் அடித்துக் கொடுப்பவர். மனைவி குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஊரில் புகாரம்மா என்றால்தான் யாருக்கும் தெரியும். சண்டைக்குக் காரணமான மகள் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து தகரக் கிண்ணத்தில் பட்டாணி உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பட்டாணியும் டிங் என்று விழுந்தது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தகரக்காரரின் அக்கா, காய்ந்து மொடமொடவென்று ஆகிவிட்ட துணியையே திரும்பத் திரும்ப உதறிக் கொடியில் போட்டபடி, இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

புகாரம்மா நினைத்திருந்தால் அந்தச் சண்டையை ஒரு நொடியில் முடித்திருக்கலாம். அவள் தன் வலது கை ஆள்காட்டி விரலை நிமிர்த்தினால், அது மறுபடி மடங்கும்வரை கூப்பிடு தூரத்துக்குள் எந்தச் சத்தமும் இருக்காது. மனிதர் குரல் மட்டுமல்ல. நாய் குரைப்பது, குழாய் சொட்டுவது, லாரி ஏற்றத்தில் முனகுவது எல்லாம் அடங்கிவிடும். விரலை நிமிர்த்தியவள் மட்டும் பேசலாம். அந்த ஊரில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொண்டதில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த எல்லோருக்கும் இது கொஞ்சமோ நஞ்சமோ உண்டு. நல்ல மார்க் வாங்கியவர்களுக்குத் தெருமுனைவரை சத்தம் அடங்கும். தட்டுத் தடுமாறித் தேறியவர்களுக்கு ஓர் அறை அடங்கும். கணக்கில் தேறாமல் கோட் அடித்தவர்களுக்கு இடது கையில்தான் வரும், அதுவும் பூனைகளிடம் மட்டும்தான் செல்லும். பல் வைத்தியரம்மா ஒரு கையில் விரலை நிமிர்த்திக்கொண்டு மறு கையால் பல்லைப் பிடுங்குவாள். நோயாளி அலறினானா இல்லையா என்பது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். பழைய மாணவியர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை நிமிர்த்துவார்கள். அவரவர் பேசியது அவரவருக்கே கேட்கும். கூட்டம் ரொம்பச் சிறப்பாக நடந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு கலைவார்கள்.

எதிர்ச்சாரியில் பாதிரிமார் நடத்திய ஆண்கள் பள்ளியும் இருந்தது. அங்கே படித்தவர்களுக்கு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்க வந்தது. அவ்வளவுதான்.

விரல் எப்படி வருகிறது என்று கன்னியாஸ்திரிகளைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. தலைமையாசிரியையாக இருந்த பெரிய மதர், வராந்தாவில் வந்து நின்று உதட்டருகே ஒரு விரலைக் கொண்டுபோனால் பள்ளிக்கூடமே அடங்கிப்போகும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் உஷ் மதர். காலையில் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். குட் மார்னிங் மதர் என்பதைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்ல வேண்டும். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது, மாடிப்படியில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது, தும்மல் வந்தால் அதை மணி அடிக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். நல்லொழுக்க வகுப்பில் தற்கொலையும் கழுத்து இறக்கமான ரவிக்கையும் ஒரே பாடத்தில் வந்தன. தையல் வகுப்பில் தலையணை உறைக்கு ரோஜாப்பூ போட்டார்கள். வாழைப்பழத்தைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து எப்படிச் சாப்பிடுவது என்றுகூட ஒரு பெல்ஜியத்து சிஸ்டர் செய்து காட்டினார். அதற்கப்புறம் வாழ்க்கையில் யாருக்கும் அந்தச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் எங்கேயோ, வருஷக்கணக்கில் அடக்கி அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றுசேர்ந்து விரல் நுனிக்கு ஏறிவிடும் போலிருக்கிறது. வேதக்கார கிறிஸ்தவப் பிள்ளைகள், மற்ற பிள்ளைகள் என்ற பேதம் அதற்கு இல்லை. கடைசிப் பரீட்சை எழுதி முடித்தால்தான் அது நிலைக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாதியில் நின்றவர்களுக்கு மெல்ல மெல்ல வற்றிவிடும். புகாரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியை ஒன்பதாவது படிக்கும்போதே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவள் விரல் இன்றைக்குக் குழம்பு ருசி பார்க்கத்தான் உதவுகிறது.

புகாரம்மாவின் அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு மூட்டை இறக்கப் போனவர், அங்கே பிள்ளைகள் வரிசையில் போன அழகைப் பார்த்துவிட்டு, மறுநாள் மகளைக் குளிப்பாட்டிக் கூட்டிப்போய் உஷ் மதர் முன்னால் நிறுத்தினார். மதர் பல்லைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், இலவசமாகச் சேர்த்துக்கொண்டார். இலவசப் பிள்ளைகள் மணி அடித்ததும் வகுப்பைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். புகாரம்மா சத்தமில்லாமல் பெருக்கினாள். அதனால்தான் அவளுக்கு விரல் அத்தனை பலமாக வந்தது என்று உடன் படித்தவர்கள் சொல்லுவார்கள், கொஞ்சம் பொறாமையோடு.

கல்யாணமும் அந்த விரலால்தான் நடந்தது. கடைசிப் பரீட்சையின்போது தகரக்காரர், அப்போது இளந்தாரி, பள்ளிக்கூடக் கூரையில் ஏறி மழைக்குழாய் அடித்துக்கொண்டிருந்தார். கீழே வரலாற்றுப் பரீட்சை. தலையில் சம்மட்டி இறங்குகிற மாதிரி இருக்கவே, அவள் இடது கையால் எழுதிக்கொண்டே வலது கை விரலை நிமிர்த்திவிட்டாள். மேலே அவர் அடித்தார், சத்தம் வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். குழாய் நசுங்கியதே தவிர சத்தம் இல்லை. தனக்குக் காது போய்விட்டது என்று முடிவு கட்டி, ஏணியில் இறங்குகிற பதற்றத்தில் குழாயைத் தள்ளிவிட, அது நேராகப் போய் முற்றத்தில் நின்ற புனிதர் சிலையின் கைமேல் விழுந்து, ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்த விரலை ஒடித்துவிட்டது. அவர் காது வைத்தியரிடம் ஓடினார். வைத்தியர் நன்றாகக் கேட்கிறது என்றதும் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் புனிதருக்குத் தகரத்தில் ஒரு விரல் செய்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், அதைப் பொருத்தி முடிக்கப் பல நாள் எடுத்துக்கொண்டார். விரல் ஒட்டவில்லை, சாயம் சரியில்லை, மறுபடி வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வந்தார். புனிதருக்கு இன்றைக்கும் அந்தத் தகர விரல்தான். வேண்டுதல் பலிப்பது அதற்கப்புறம் கூடியிருக்கிறது என்றுதான் பேச்சு.

பெண் கேட்க வந்தபோது அவர் போட்டது ஒரே நிபந்தனை. வீட்டுக்குள் தன்மேல் அந்த விரலைத் தூக்கக் கூடாது. சத்தம்தான் தன் பிழைப்பு, சத்தம் இல்லாவிட்டால் தான் அடிக்கிறோமா இல்லையா என்றே தனக்குத் தெரியாது என்று சொன்னார். அவள் ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்டபடியே நடந்தாள். விரல் இல்லாத ஊரில் பிறந்தவர்கள்போல இருவரும் வாய்க்கு வாய் பேசிச் சண்டை போட்டார்கள். அந்தத் தெருவிலேயே அதிகச் சத்தம் அந்த வீட்டில்தான். நாத்தனார் மட்டும் ஆரம்பத்தில் ஒரு முறை மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து அவள் பார்க்கிறவர்களிடம் எல்லாம், “வாயில்லாத பொண்ணு வந்திருக்கான்னு சந்தோஷப்பட்டோம், வந்தவ எங்க வாயையே கழட்டி வச்சிட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் விரலுக்கு ஒரு மரியாதை உண்டு. பள்ளிக்கூடம் அதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. மேலே இருப்பவர்களிடம் அதை நிமிர்த்தக் கூடாது. கன்னியாஸ்திரிகளிடம், பாதிரிகளிடம், மேலதிகாரியிடம், மாமியாரிடம் கூடவே கூடாது. இதை யாரும் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. தலை பின்னுவது எப்படிப் பழகிப்போகுமோ அப்படிப் பழகிப்போனது. அதனால் அந்த ஊரில் அத்தனை விரல்கள் இருந்தும் பெரிய மனிதர்கள் யாரும் வாயடைத்து நின்றது கிடையாது. குழந்தைகள் அடங்கின, வேலைக்காரிகள் அடங்கினார்கள், கடைப்பையன்கள் அடங்கினார்கள். புகார்ப் பிரிவில் வந்து நின்றவர்களும் அடங்கினார்கள்.

புகாரம்மாவுக்கு அந்த வேலை கிடைத்ததே அப்படித்தான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒருவர்கூட நிலைக்கவில்லை. ஒருத்தருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருத்தர் சாமியாராகப் போய்விட்டார். இவள் வந்த அன்றே கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து விரலை நிமிர்த்தினாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், செத்த தவளையைத் தாளில் மடித்து எடுத்துவந்தவர்கள், குழாயையே பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் வாயை வாயைத் திறந்தார்கள். அவள் அவர்கள் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். உதடு ஓய்ந்ததும், விரலை மடக்காமலே, மதர் சொல்லிக் கொடுத்த அழகான உச்சரிப்பில், “வேற ஏதாவது புகார் உண்டா?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பதில் வராததால், தீர்ந்தது என்று முத்திரை குத்தினாள். அந்த ஊர்க் குடிநீர் அலுவலகம் புகார்களைத் தீர்ப்பதில் முதலிடம் வாங்கியது. மேலதிகாரி அவள் நாற்காலிக்கு மெத்தை போட்டுக் கொடுத்து, அதை மின்விசிறிக்கு நேர் கீழே நகர்த்திப் போடச் சொன்னார். மூட்டை தூக்கிய அப்பா சாவதற்கு முன்னால் ஒரு முறை வந்து, மகள் மெத்தையில் உட்கார்ந்திருப்பதைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார். என்னவோ சொன்னார். விரல் நிமிர்ந்திருந்த நேரம். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டவள் மறந்துபோனாள்.

மகளையும் அதே பள்ளியில் சேர்த்தாள். தகரக்காரர் வேண்டாம் என்றார். வீட்டில் ஒரு விரல் போதும் என்பது அவர் கட்சி. அந்தச் சண்டை தெருவுக்கே மனப்பாடம். கடைசியில் பிள்ளை சேர்ந்தது. மற்றவர்களுக்கு ஒன்பதாவது, பத்தாவதில் வருகிற விரல் இவளுக்கு எட்டாவதிலேயே வந்துவிட்டது. எதற்கோ நகம் கடித்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக விரலை நிமிர்த்த, ஊர் முழுக்கச் சத்தம் நின்றது. ரயில் பஞ்சுப்பொதி மாதிரி வந்துபோனது. காக்கைகள் அலகைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, ஒன்றை ஒன்று சந்தேகமாகப் பார்த்தன. அன்றைக்குப் பட்டறையில் தகரக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “வந்துட்டுதுடா சனி” என்று சொன்னார், ஆனால் அதுவும் கேட்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாளில் அவள் அம்மாவோடு அலுவலகத்துக்குப் போயிருந்தாள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தானை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போட்டிருந்த ஒரு முதியவர், கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். பாட்டிலைக் கம்பிவலைமேல் வைத்துத் தட்டித் தட்டிக் காட்டினார். உதடு நிறைய நேரம் அசைந்தது. அம்மா பாட்டிலைப் பார்க்கவில்லை. பாட்டில்களை அவள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தாள். வேற ஏதாவது புகார் உண்டா என்று கேட்டாள், காத்திருந்தாள், முத்திரை குத்தினாள். அவர் போனபின் மகள், அந்தத் தாத்தா என்னம்மா சொன்னாரு என்று கேட்டாள். அம்மா, யாருக்குத் தெரியும், எல்லாரும் சொல்றதைத்தான் சொல்லியிருப்பாரு என்றாள். மகள் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய், கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

பள்ளியின் ஆண்டு விழாவுக்கு பிஷப் வந்தது அவள் பத்தாவது படிக்கிற இந்த வருஷம்தான். அவருக்குப் பந்தல், பிள்ளைகளுக்கு வெயில். பெண்பிள்ளைகளுக்கு மௌனமே நகை என்று அவர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அன்னம்மாளின் மௌனம், மரியாளின் மௌனம், மார்த்தாள் வாயைத் திறந்ததால் வந்த வினை என்று ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக் காயப்போட்டார். ஐந்தாம் வகுப்பில் ஒரு சின்னது சுருண்டு விழுந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். பிஷப் ஆதியாகமத்துக்குத் திரும்பிப் போய் ஏவாளிலிருந்து மறுபடி தொடங்கினார். இன்னொன்று விழுந்தது. அப்போது தகரக்காரரின் மகள் வரிசையில் நின்றபடியே விரலை நிமிர்த்தினாள்.

பிஷப் தொடர்ந்து பேசினார். தான் பேசுவதைத் தானே கேட்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதனால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒலிபெருக்கிக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், வயரைக் கடித்துப் பார்த்தார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார். சிஸ்டர்கள் முகம் தெளிந்தது. பெற்றோர் வரிசையில் ஒருவர் இன்னொருவர் தோளில் சாய்ந்து தூங்கினார். இத்தனை அருமையான பிரசங்கத்தைத் தாங்கள் கேட்டதில்லை என்று பிற்பாடு பல பேர் சொன்னார்கள். கையை உயர்த்தி ஆமென் சொல்லச் சைகை காட்டியபோதுதான், பள்ளிக்கூடமே வாயைத் திறந்தும் ஒரு ஆமென்கூட வராததைப் பார்த்து, பிஷப்புக்கு என்னவோ உறைத்தது. உஷ் மதர் மடியில் கிடந்த உள்ளங்கையைக் கவிழ்த்தார். மதர் கை கவிழ்ந்தால் எந்தப் பிள்ளையின் விரலும் தானாக மடங்கிவிடும். அடக்கி வைத்த இருமல் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது.

மறுநாள் புகாரம்மாவுக்கு ஆள் வந்தது. மெழுகு வாசனை அடிக்கும் அதே அறை, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்த அதே மேசை. அவள் உட்காரவில்லை, அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பிஷப்பின் செயலராக இருந்த இளம் பாதிரி ஒருவர் வந்திருந்தார். திங்கட்கிழமை காலை வழிபாட்டில் எல்லோர் முன்னாலும் பெண் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். புகாரம்மா, கேட்பாள் மதர், கட்டாயம் கேட்பாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உஷ் மதருக்கு இப்போது நல்ல வயது. தலை லேசாக ஆடியது. பாதிரியின் காலடிச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறையும்வரை அவர் பேசவில்லை.

“அவ விரலை நான் ஏன் உடனே இறக்கலைன்னு நீ கேக்கலையே” என்றார் அப்புறம்.

புகாரம்மா தரையைப் பார்த்தாள். தான் சிறுபிள்ளையில் பெருக்கிய தரை.

“கேக்க மாட்டே” என்றார் மதர். “உன்னை நாங்க ரொம்ப நல்லா வளத்துட்டோம்.” சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். அது பாராட்டு இல்லை என்று புகாரம்மாவுக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தைத்தது. தைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. மதரிடம் கோபப்பட முடியாது. ஆகவே கணவரிடம் வந்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. தகரக்காரர் தன் பக்கத்தில் இறங்கி வரவே இல்லை. தான் பெற்ற பெண் யார் முன்னாலும் முட்டி போட வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம், விரலும் வேண்டாம், அது வற்றினால் வற்றட்டும், கை இருக்கிறது அல்லவா, கையால் பிழைக்கலாம் என்றார். அவளோ, அந்த விரல் இல்லாவிட்டால் தான் இன்றைக்கு யார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு இருப்போம் என்று கேட்டாள். முட்டி போடுவது ஒரு நிமிஷம், விரல் ஆயுசுக்கும் என்றாள். நாத்தனார் ஜன்னல் வழியாக, ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான் என்று சொல்லி இரண்டு பேருடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டாள். பட்டாணி டிங் டிங் என்று விழுந்துகொண்டே இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அணைக்க யாருக்கும் நேரம் இல்லை.

“வாளி அடிச்சா என்ன கொறைஞ்சு போச்சு? உன் சோத்தை வாளிதான்—”

“என் சோத்தை என் விரல்தான் போட்டுது. உங்க வாளி ஓட்டையை அடைக்கவே—”

“அந்த விரலை வச்சு நீ கிழிச்சது என்னன்னு ஊருக்கே தெரியும். வர்றவன் வாயை அடைச்சு—”

“யாரு வாயை? நீங்க பாத்தீங்களா? நான் ஒவ்வொருத்தரையும் எவ்வளவு மரியாதையா—”

அங்கேதான் நின்றது. புகாரம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள். மரியாதையாகக் கேட்கிறேன், காத்திருக்கிறேன் என்று நாக்கு புரண்டது, உதடு ஒட்டிப் பிரிந்தது, தொண்டை அதிர்வதைக்கூட உணர்ந்தாள். காதுக்கு எதுவும் வரவில்லை. எதிரில் தகரக்காரர் மேசையை ஓங்கிக் குத்தினார். மேசை குதித்தது, சத்தமில்லை. ஜன்னலில் நாத்தனார் பழைய நினைப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கொதிக்கிற தண்ணீர் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு பட்டாணி கிண்ணத்தில் விழுந்து உருண்டு நின்றது.

மகள் இடது கையால் தோலை ஒதுக்கி வைத்தாள். வலது கை ஆள்காட்டி விரல் நிமிர்ந்திருந்தது. மேலே இருப்பவர்களை, அப்பா அம்மாவை நோக்கி.

புகாரம்மாவின் விரலும் பழக்கத்தில் எழப் பார்த்தது. பாதி எழுந்து, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி தலையைத் தொங்கப்போட்டது. இந்த வயதில் முதன்முறையாக அவள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அங்கே எப்படி இருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு கரையில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

மகள் அவசரப்படவில்லை. மதர்கள் சொல்லிக் கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் பேசினாள். நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன், முட்டி போட மாட்டேன் என்றாள். டி.சி. கொடுத்தால் மதர் அறையிலேயே இப்படி விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதாகவும், பிஷப் இந்த ஊரில் அடுத்த பூசை வைக்க வேண்டுமே, அவரே வந்து கெஞ்சட்டும் என்றும் சொன்னாள். மதர் இந்தத் தடவை கையைக் கவிழ்க்க மாட்டார், அன்றைக்கு ஆமென்வரை விட்டுவைத்தபோதே தனக்கு அது தெரிந்துவிட்டது என்றாள். பரீட்சை எழுதுவேன். விரலும் இருக்கும், முட்டியும் இருக்கும். அப்பா, லீவு நாளில் பட்டறைக்கு வருகிறேன், ஈயம் பற்றவைக்கச் சொல்லிக் கொடுங்க. அத்தை, அந்தத் துணி காஞ்சு ரொம்ப நேரமாச்சு, எடுத்துட்டுப் போங்க.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“பாட்டில் தாத்தாவை ஞாபகம் இருக்காம்மா? அன்னைக்கு நான் தண்ணி குடிக்கப் போகலை. அவரு பின்னாடி ஓடிப்போய்க் கேட்டேன். அவரு புகார் சொல்ல வரலை. அவங்க தெருக் குழாயை ஆளுங்க வந்து சரி பண்ணிட்டாங்களாம், தண்ணி கண்ணாடி மாதிரி வருதாம். பாட்டில்ல பிடிச்சு எடுத்துட்டு வந்து, நீ நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுப் போக வந்திருக்காரு. நீ முத்திரை குத்தி அனுப்பிட்ட.”

அந்தப் புகார்ப் பிரிவுக்கு, அது திறந்த நாளிலிருந்து, வந்ததில் அவள் காதுக்கு எட்டிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான். புகாரம்மாவுக்கு அது தெரியும், வேறு யாரைவிடவும் அவளுக்குத்தான் தெரியும். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ சொல்லிவிட்டுப் போன அப்பாவின் உதடு அவள் கண் முன்னால் வந்து அசைந்தது. அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு மகளை எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சரி என்றுதான் சொன்னாள். சரிடி, போ, முட்டி போடாதே என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். பக்கத்தில் தகரக்காரரும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் சரி என்றுதான் சொல்கிறார் போலிருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்துக்கு ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதை யாரும் கேட்கவில்லை.

மகள் அவர்கள் உதடு ஓயும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். ஓய்ந்ததும் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, விரலை மடக்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, அழகான உச்சரிப்பில் கேட்டாள்:

“வேற ஏதாவது புகார் உண்டா?”